பெற்றோர் கூட்டம் வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு

"இந்தப் பேரன்ட்ஸுக்குப் பிள்ளைங்க மேல அக்கறையே இல்லை." பெற்றோர் கூட்டம் முடிந்த சாயங்காலம் ஆசிரியர் அறையில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டார். போட்ட நாற்காலிகளில் முக்கால்வாசி காலி, வாங்கி வைத்த பிஸ்கட் பிரிக்காமலே மிச்சம், வந்தவர்கள் யார் என்று பார்த்தால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளின் அம்மாக்கள். யாரிடம் பேசவேண்டும் என்று காத்திருந்தோமோ அவர்கள் மட்டும் வந்திருக்க மாட்டார்கள். இந்தப் புலம்பலைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது, அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நான் வேலை பார்ப்பது திருப்பூரில் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில், நாலாம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு. இந்த ஊரில் வீடுகள் ஓடுவதே பனியன் கம்பெனி நேரப்படிதான். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் முடிய சாயங்காலம் ஐந்தரை ஆகும், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை, ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கும் மேலே. சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். பீஸ் ரேட்டில் தைக்கிறவர் மெஷினை விட்டு எழுந்தால் எழுந்த நேரத்துக்குக் காசில்லை. நாங்கள் கூட்டம் போடுவதோ பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு. வாரக் கணக்கு முடிகிற நேரத்தில் அரை நாள் கூலியை விட்டு, சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் கேட்டு, கூடவே ஒரு பேச்சும் வாங்கிக்கொண்டு ஒரு அம்மா என் எதிரில் வந்து உட்கார்ந்தால் நான் என்ன சொல்லப் போகிறேன்? "பையன் ஹோம்வொர்க் பண்றதில்லைங்க, கொஞ்சம் பாத்துக்கங்க." இதற்கா அவர் வரவேண்டும்?

அக்கறை இருப்பதும் இல்லாததும் காலி நாற்காலியை வைத்துத் தெரியாது என்றுதான் சொல்ல வருகிறேன். அப்புறம் இன்னொன்று. பெற்றோரைக் கூப்பிடுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்ற கேள்வி இருக்கிறது. அது தெரியாமல் கூப்பிட்டால் பேச்சு ஹோம்வொர்க்கைத் தாண்டாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 24-வது பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. நேரத்துக்கு வருவது, பாடத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பெற்றோரை அவ்வப்போது கூட்டிப் பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றித் தெரிவிக்கவேண்டும் என்பதும் அதில் உண்டு. நல்ல விஷயம்தான். ஆனால் தெரிவிக்கிறவர் நாம், தலையாட்டுகிறவர் அவர் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டுவிட்டோம். அதே சட்டத்தின் 21-வது பிரிவுப்படி வருகிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்கவேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்கவேண்டும். 2022-ல் தமிழ்நாடு முழுக்க இந்தக் குழுக்களைத் திருத்தி அமைத்தபோது எங்கள் பக்கம் அம்மாக்கள் நன்றாகவே முன்னால் வந்தார்கள். தீர்மான நோட்டைப் புரட்டினால் கழிப்பறைக்குத் தண்ணீர், சுற்றுச்சுவர், தெருநாய்த் தொல்லை என்று போகும். எல்லாம் வேண்டியவைதான், கவுன்சிலர் வீட்டு வாசலில் அந்த அம்மாக்கள் போய் நின்றதால்தான் சில காரியம் நடந்தது. ஆனால் "என் பிள்ளைக்கு இன்னும் வாசிக்க வரலை, என்ன பண்ணலாம்" என்ற பேச்சு அந்த நோட்டில் ஏறுவதில்லை. இருபது பேர் முன்னால் எந்த அம்மா அதைக் கேட்பார்?

வருஷத்தில் ஒரு தடவை நாங்கள் எல்லோருமே வீடு வீடாகப் போகிறோம், மாணவர் சேர்க்கைக்கு. நோட்டீஸ், பேனர், வசதி இருந்தால் மைக் கட்டிய ஆட்டோ. காலை உணவு உண்டு, விலையில்லாப் புத்தகமும் சீருடையும் உண்டு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு என்று லைன் வீடுகளின் வாசல் வாசலாக நின்று சொல்கிறோம். தண்ணீர் கொடுப்பார்கள், பாய் விரிப்பார்கள், பேசுவார்கள். பெயர் எழுதிய பிறகு அந்த வாசலை நாங்கள் மிதிப்பது பிள்ளை தொடர்ந்து வராமல் போய் இடைநிற்றல் கணக்கில் வந்துவிடுமோ என்ற பயம் வரும்போதுதான். ஓட்டுக் கேட்கப் போகிறவர்களைப் பற்றி நாம் என்னவெல்லாம் பேசுவோம், யோசித்துப் பாருங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் ஆதார் எண், ரத்த வகை, சாதி, வங்கிக் கணக்கு, அப்பாவின் தொழில், ஆண்டு வருமானம் எல்லாம் கேட்கிறோம், எமிஸில், அதாவது கல்வித் துறையின் இணையப் பதிவேட்டில், ஏற்றுகிறோம். சாயங்காலம் இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போனால் கதவைத் திறக்க யார் இருக்கிறார்கள் என்று எந்தக் கட்டத்திலும் கேள்வி இல்லை. தாய்மொழி என்று ஒரு கட்டம் இருக்கும், கேட்காமலே நாமே தமிழ் என்று போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போவோம். கொங்கு நாட்டில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற குடும்பங்கள் எத்தனை! அந்தப் பிள்ளை தமிழில் எழுதும்போது எங்கே தடுமாறும் என்பது அந்தக் கட்டத்தைக் கேட்டு நிரப்பியிருந்தாலே பாதி தெரிந்திருக்கும்.

பள்ளி திறக்கிற முதல் வாரத்தில் நான் புத்தகத்தை எடுப்பதில்லை. ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்து, வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியை வரையச் சொல்வேன். வரையத் தெரியாது மிஸ் என்று கொஞ்ச நேரம் இழுப்பார்கள், அப்புறம் தாளை விட்டு நிமிர மாட்டார்கள். ஒருத்தி சாக்கடை, சாக்கடைமேல் போட்ட கல், மளிகைக் கடை, பிள்ளையார் கோயில், டாஸ்மாக் என்று வரிசையாகப் போட்டிருந்தாள். டாஸ்மாக் வருகிற இடத்தில் மட்டும் அவள் போட்ட கோடு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் மறுபடி இந்தப் பக்கம் வந்தது. ஏன் என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. இன்னொருவன் வழியையும் வரையவில்லை, வீட்டையும் வரையவில்லை. தாள் முழுக்க அப்பாவின் டிவிஎஸ் எக்ஸெல், பின்னால் கட்டிய துணி மூட்டை, மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிற அவன். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரையும் கொஞ்சம் பேசவிட்டால் எமிஸில் ஏறாததெல்லாம் வந்து விழும்.

அந்த மூட்டை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லவேண்டும். பையன் வாய்ப்பாட்டில் ரொம்பப் பின்தங்கியிருந்தான், ஏழாம் வாய்ப்பாடு பாதியிலேயே நின்றுவிடும். மூட்டையில் என்னடா என்றால் பிசிறு வெட்டுகிற பீஸ் என்றான், அதாவது தைத்து முடித்த பனியனில் தொங்குகிற நூலை வெட்டுகிற வேலை, வீட்டுக்கு எடுத்து வந்து அம்மா செய்கிறார். இவன் வேலை, வெட்டி முடித்ததை டஜன் டஜனாக அடுக்கிக் கட்டுவது. "ஒன்பது டஜன் எத்தனை பீஸ்?" "நூத்தியெட்டு." "பதினாலு டஜன்?" கொஞ்சம் கண்ணை மூடினான். "நூத்தி அறுபத்தெட்டு." வகுப்பில் யாருக்கும் வராத பன்னிரண்டாம் வாய்ப்பாடு அவனுக்கு விரல் நுனியில் இருந்தது, ஆனால் அதுதான் வாய்ப்பாடு என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதிலிருந்து பின்னால் இறங்கி வந்து ஏழையும் எட்டையும் பிடித்தோம். இதை எழுதும்போதே ஒரு நெருடல். பள்ளி நேரம் போக வீட்டுத் தொழிலில் பிள்ளை உதவலாம் என்று 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் இடம் கொடுக்கிறது, ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு டஜன் கட்டிக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்து "ஆஹா, வாழ்க்கைக் கணிதம்" என்று என்னால் கைதட்ட முடியவில்லை. அம்மாவிடம் பேசியபோது அதையும் சேர்த்துத்தான் பேசினேன். "ஒன்பது மணிக்கு மேல அவனைத் தூங்க விட்ருங்க, காலையில வகுப்புல கண்ணு சொருகுது." சரிங்க என்றார். சில நாள் நடக்கிறது, சில நாள் நடப்பதில்லை.

இன்னொரு பிள்ளை அவ்வப்போது ஒரு மணி நேரம் லேட்டாக வரும். நோட்டில் குறித்து வைத்துப் பார்த்தபோதுதான் அந்த நாட்களுக்குள் ஒரு சீரான இடைவெளி இருப்பது தெரிந்தது. திருப்பூரில் குடிதண்ணீர் தினமும் வராது, விடுகிற நாளில் குடம் வைக்க வீட்டில் ஆள் வேண்டும், அம்மா கம்பெனி வேனில் ஏறிவிட்டால் மிச்சம் இருப்பது இவள்தான். லேட்டாக வருகிறவர்களை வெளியே நிறுத்துகிற வழக்கம் இவளை என்ன செய்யும்? அந்தத் தெருவுக்குத் தண்ணீர் விடுகிற நாளைத் தெரிந்துகொண்டேன், அன்று முதல் பீரியடில் புதுப் பாடம் தொடங்குவதில்லை. அவ்வளவுதான், இதற்கு எந்தத் திட்டமும் நிதியும் தேவைப்படவில்லை.

சரி, பெற்றோருக்கு வருவோம். பள்ளியிலிருந்து போன் வந்தாலே அவர்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. நாம் அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். அடிபட்டால், சண்டை போட்டால், மார்க் குறைந்தால், ஆதார் ஜெராக்ஸ் தரவில்லை என்றால் போன். அதனால் நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: ஒரு வீட்டுக்கு முதல் போன் நல்ல செய்திக்குத்தான். ஒரு அப்பாவைக் கூப்பிட்டபோது பின்னால் மெஷின் சத்தம் இரைந்துகொண்டிருந்தது. "ஏனுங்க டீச்சர், பையன் என்ன பண்ணீட்டானுங்க?"

"ஒண்ணும் பண்ணலைங்க. இன்னைக்கு ஒரு கதையை நிறுத்தாம முழுசா வாசிச்சான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

கொஞ்ச நேரம் மெஷின் சத்தம் மட்டும். "இதுக்குங்களா?" என்றார். அப்புறம், "வூட்டுக்காரிகிட்டயும் ஒருக்கா சொல்லீர்றீங்களா, நான் சொன்னா நம்பமாட்டாளுங்க." அடுத்த மாசம் அதே பையன் இன்னொருவனின் காம்பஸ் பாக்ஸை எடுத்துவிட்ட விவகாரத்தைச் சொல்லக் கூப்பிட்டபோது அந்த மனிதர் பதறவும் இல்லை, என்மேல் பாயவும் இல்லை, பையனை அடிக்கவும் இல்லை. என்ன செய்யலாம் என்று இருவருமாகப் பேச முடிந்தது.

போனில் என்ன கேட்கிறோம் என்பதிலும் சூட்சுமம் இருக்கிறது. "வீட்ல படிக்க வையுங்க" என்பதைப் போல் ஒன்றுக்கும் உதவாத வாக்கியம் கிடையாது. எப்படிப் படிக்க வைப்பது என்று தெரிந்தால் அவர் வைத்திருக்க மாட்டாரா? ஒரு அம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார், "நான் கைநாட்டுங்க டீச்சர், எனக்கு என்ன தெரியும்?" நீங்கள் படிக்கவேண்டாம், கேட்டால் போதும் என்றேன். ராத்திரி சோறு ஆக்கும்போது பக்கத்தில் உட்காரவைத்து ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள், எங்கே தடுக்குகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். கொஞ்ச நாள் கழித்துப் பள்ளி வாசலில் பார்த்தபோது அவரே நிறுத்திச் சொன்னார்: "சின்னச் சின்ன வார்த்தையா இருந்தா கடகடன்னு போறா டீச்சர், நீட்டு வார்த்தை வந்தா முன்னாடியே மூச்சு வாங்கிட்டு நிக்கிறா." அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர் என்று பிரிக்கிறோம். 2022-ல் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்புக்கு ஆரம்பித்தது, அடுத்த வருஷம் நாலு, ஐந்துக்கும் வந்தது. என் பதிவேட்டில் அந்தப் பிள்ளைக்கு அரும்பு என்று மட்டும் இருந்தது. அரும்பில் எங்கே சிக்கல் என்பதை எழுத்தறியாத அந்த அம்மா கண்டுபிடித்துக் கொடுத்தார். நீளமான சொற்களைத் துண்டு போட்டு வாசிக்கிற பழக்கத்தை அவளுக்காகத்தான் தொடங்கினேன், வகுப்பில் பாதிப் பேருக்கு அது தேவையாக இருந்தது.

இதற்கு நேர் எதிரான கூத்து ஒன்று தனியார் பள்ளிகளில் நடக்கிறது, என் தங்கை வீட்டில் பார்க்கிறேன். பெற்றோர் பங்கேற்பு என்ற பெயரில் ராத்திரி பதினொரு மணிக்கு அம்மா தெர்மாகோலில் சூரியக் குடும்பம் செய்துகொண்டிருக்கிறாள், பிள்ளை தூங்கிவிட்டது. சனிக் கிரகத்துக்கு வளையம் ஒட்டவில்லை என்று ஃபெவிக்கால் தேடி அப்பா கடைக்கு ஓடுகிறார். மறுநாள் பிள்ளைக்கு ஸ்டார்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றிச் சொல்லாவிட்டால் எப்படி. எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது, முக்கால்வாசி குட் மார்னிங் ரோஜாப்பூவும் சுற்றறிக்கை பிடிஎஃபும்தான். நான் எழுதிப் போடுவதைக் குறைத்துவிட்டு ஒரு நிமிஷத்துக்குள் குரலில் பேசி அனுப்புகிறேன். படிக்கத் தெரியாதவர்களும் கேட்கலாம், பஸ்ஸில் நின்றுகொண்டும் கேட்கலாம். போன் பெரும்பாலும் அப்பாவிடம் இருக்கும், அவர் வீட்டுக்கு வர ஒன்பது ஆகும், அதனால் "இன்னைக்கே பாருங்க" என்பது போன்ற செய்திக்கு அர்த்தம் இல்லை. வியாழக்கிழமை வேண்டியதைத் திங்கட்கிழமையே சொல்லிவிடவேண்டும்.

எங்கள் வகுப்பில் பீகார், ஒடிசா பிள்ளைகளும் உண்டு. பிள்ளைகள் சீக்கிரம் தமிழ் பிடித்துக்கொள்கிறார்கள், அம்மாக்களுக்குத்தான் சிரமம். எனக்கு இந்தி வராது. ஒரு தடவை ஒரு பையனைப் பற்றி அவன் அம்மாவிடம் புகார் சொல்ல அவனையே மொழிபெயர்க்க வைத்தார் பக்கத்து வகுப்பு சார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சார் இரண்டு நிமிஷம் கடுமையாகப் பேசினார், பையன் அரை வாக்கியம் சொன்னான், அம்மா முகம் மலர்ந்து சாருக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்! அதற்குப் பிறகு, இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு செக்கிங் (தைத்த துணியைச் சரிபார்க்கிற) அக்காவைப் பிடித்து வைத்திருக்கிறோம், அவரும் ஒரு பிள்ளையின் அம்மாதான்.

கொரோனா சமயத்துக்குப் பிறகு, 2021-ல் வந்த இல்லம் தேடிக் கல்வி என்ற அரசுத் திட்டம் எனக்கு இன்னொரு வழியைக் காட்டியது. சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு, அதாவது ஷிப்ட் வீட்டுப் பிள்ளைகள் தனியாக இருக்கிற அதே நேரம். தன்னார்வலர் அதே தெருப் பெண்ணாக இருந்தார், மாசம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகைக்கு அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பையன் யாரோடு சேர்ந்தால் படிக்கிறான், எவள் வீட்டில் இந்த வாரம் சண்டை, யார் தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வரமாட்டார்கள் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அவரிடம் நான் தெரிந்துகொண்டதில் பாதிகூட எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

ஆனால் தெரிந்துகொள்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது, இதைத்தான் சக ஆசிரியர்களிடம் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். வீட்டு விஷயம் நம் கைக்கு வந்தால் அது ஆயுதமாகிவிடும். "உங்கப்பன் குடிச்சிட்டு விழுந்து கிடக்கான், நீ இங்க வந்து சேட்டை பண்றியா" என்று நாற்பது பிள்ளைகள் முன்னால் கத்துகிற குரலை நாம் எல்லோருமே கேட்டிருக்கிறோம், சிறுவயதில் நமக்கு நடந்தும் இருக்கும். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை எந்த டீச்சரிடமும் எதையும் சொல்லாது. என் நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதை மேஜைமேல் வைப்பதில்லை, டீ குடிக்கும்போது எடுத்துப் பேசுவதில்லை. வீட்டுக்குப் போகும்போது இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டில் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, அடுத்த தெருவில் தண்ணீர்கூட வேண்டாம் என்று எழுந்து வந்தால், எந்தத் தெருவில் குடித்தோம் எந்தத் தெருவில் குடிக்கவில்லை என்று பிள்ளைகள் துல்லியமாகக் கணக்கு வைத்திருப்பார்கள். அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காலையில் வருகைப்பதிவு ஆப், நடுவில் எமிஸில் ஏதாவது ஒன்று, வாராவாரம் மதிப்பீடு, பயிற்சி, தேர்தல் வந்தால் பிஎல்ஓ வேலை, அதாவது வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டால் பெற்றோர் வருவார்கள் என்று எனக்கும் தெரியும், ஆனால் என் வீட்டிலும் துவைக்காத துணி இருக்கிறது, என் பிள்ளைக்கும் அன்றைக்குத்தான் அம்மா. அதனால் ஆசிரியர்கள் தியாகம் செய்யவேண்டும் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. ஞாயிறு கூட்டத்துக்கு ஈடாக வேலைநாளில் ஒரு விடுப்பு கொடுத்தால் வருஷத்துக்கு மூன்று முறையாவது நடத்தலாம், இதை அதிகாரிகள்தான் முடிவு செய்யவேண்டும். அதுவரை காலை உணவு நேரம் இருக்கிறது. பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்தால், பாடவேளையில் வாயே திறக்காததுகூட கிச்சடியைப் பிசைந்துகொண்டே ஊர்க்கதை எல்லாம் சொல்லும். சீக்கிரம் கம்பெனிக்குப் போகிற அம்மாக்கள் பிள்ளையை அந்த நேரத்தில்தான் வாசலில் இறக்கிவிட்டுப் போகிறார்கள், வேன் ஹார்ன் அடிப்பதற்குள் இரண்டு வாக்கியம் பேசலாம். பல வீடுகளோடு என் பெற்றோர் கூட்டம் நடப்பது அங்கேதான்.

அடுத்த சேர்க்கைக்கு வீடு வீடாகப் போகும்போது, சாயங்காலம் வீட்டில் யார் இருப்பார்கள், எந்த நேரத்தில் போன் பண்ணினால் எடுப்பீர்கள் என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம் என்று ஆசிரியர் அறையில் சொன்னேன். படிவத்தில் அதற்கு இடமில்லையே டீச்சர் என்றார் ஒருவர். பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன்.